பனி மேட்டில் முகூர்த்தம்

சியோலின் தெற்கு மேட்டில் இடுப்பளவு பனி. பத்து லட்சம் கார்கள் நின்றன, குறைத்துத்தான் சொல்கிறேன். நான் தள்ளுவண்டிக்காரியிடம் இரண்டாவது கோப்பை மீன் சூப் வாங்கிக்கொண்டேன்.

பியோ தோக்சு என்ற ஆள், தன் காருக்கு முன்னால் நின்ற பஸ்ஸின் டிரைவரைச் சட்டையைப் பிடித்து இறக்கினார்.

"பஸ்ஸை நகத்துய்யா. ஒரு மணிக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம். ஒன்றரைக்கு மண்டபம் அடுத்த ஜோடிக்கு."

"பறந்து போகவா?" என்றார் டிரைவர்.

குத்து விழுந்தது. இரண்டு பற்கள் பறந்தன; ஒன்று என் சூப்பில் விழப் பார்த்தது.

"இடது கையாலயும் ஒண்ணு குடுங்க தம்பி" என்றேன்.

டிரைவர் பனி வாரும் மண்வெட்டியால் திருப்பிக் கொடுத்தார். பியோவின் நெற்றி பிளந்து பனி சிவந்தது.

"என்னை ஏன்யா அடிக்கிற? எனக்கு முன்னாடி ஒருத்தன் காரைப் பூட்டிட்டுப் போயிட்டான். அவனை அடி" என்று கத்தினார் டிரைவர்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

பியோ அந்தக் காரின் கண்ணாடியில் பனியைத் துடைத்தார். எங்கள் ஊரில் எல்லாக் கார்களிலும் இருப்பதுபோல், உள்ளே உரிமையாளரின் போன் நம்பர் இருந்தது. ரத்த விரலால் அதைத் தன் போனில் அழுத்தினார். முந்நூறு பேர் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள்.

என் கோட்டுப் பையில் பாட்டு ஒலித்தது.

"எடுங்க பெரியவரே," என்றாள் தள்ளுவண்டிக்காரி, "கல்யாண வீட்டுக்காரரு கூப்பிடுறாரு."