இரண்டு காதிலும் பேச்சு

மாலை வெயில் சுகாதார நிலையத்தின் தரையில் எண்ணெய்போல் தேங்கிக் கிடக்கிறது. கூப்பிட்டால் மகள் திரும்புவதே இல்லை, எல்லாம் திமிர் என்று சாதிக்கும் ஜவுளிக்காரரை நர்ஸ் நடு நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறாள். "யாரும் இல்லாமலே அவளுக்குள்ள குரலுங்க கேக்குதே, அந்த மாதிரி உங்களுக்கும் கொஞ்சம் கேக்கட்டும், ஐயா." காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு காதில் மனைவியும் மறுகாதில் மச்சானும் ஓயாமல் முணுமுணுக்கிறார்கள். "கஞ்சன், உதவாக்கரை" என்று ஓதும் மச்சானின் முகத்தில் பல வருஷத்து ஆசை நிறைவேறுகிறது. எதிரே நின்று நர்ஸ் துணி விலை கேட்கிறாள். சந்தை இரைச்சலில் பத்துப் பேரிடம் பேரம் பேசுகிறவருக்கு அவள் உதடு அசைவது மட்டும் தெரிகிறது, தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல. "என்னம்மா கேட்டே?" என்கிறார் மறுபடியும் மறுபடியும். கழுத்தெல்லாம் வியர்வை. குழல்கள் விலகுகின்றன. "உங்களுக்கு நிறுத்திட்டாங்க. அவளுக்கு யாரும் நிறுத்துறதில்ல," என்கிறாள் நர்ஸ். அவர் எழுந்து, ஜன்னலோர பெஞ்சில் மகளின் பக்கத்தில் மெல்ல உட்காருகிறார். "இப்பவும் பேசுறாங்களாம்மா?" அதட்டாமல் காத்திருக்கிறார். வெயில் இருவர் பாதங்களிலும் ஏறி முழங்காலைத் தொடுகிறது. "நிறைய பேருப்பா," என்கிறாள் மகள், முதல்முறையாக அவரிடம்.