இடப்பக்க வரிசை

“ஐசி வேணாம் ஆன்டி. நம்ம ஆளுதானே, மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே” என்றாள் டிக்கெட் முகப்பில் இருந்த உஸ்மா.

அடையாள அட்டையை நீட்டிய டொரத்தியின் கை அப்படியே நின்றது.

அந்த நவீனக் கலைக்கூடத்தில் இரண்டு வரிசைகள். இடப்பக்கம் மலேசியர்கள். வலப்பக்கம் வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள்.

டொரத்தி இடப்பக்கம் நின்றிருந்தாள். அங்கே நிற்பதற்காகவே கிள்ளானிலிருந்து காலைக் கொமுட்டர் ரயில் பிடித்து வந்திருந்தாள்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை வந்திருக்கிறாள். மெதடிஸ்ட் சபைப் பெண்களோடு, வேன் பேசி. மற்ற பதினொரு பேரும் இடப்பக்கமாக உள்ளே போனார்கள். டொரத்தியின் அட்டையை மட்டும் முகப்பிலிருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடுதான், வலப்பக்கம் கை காட்டினார்.

அன்று அது சிவப்பு அட்டை.

சிவப்பு அட்டை வைத்திருப்பவர் இந்த நாட்டில் தங்கலாம், வேலை பார்க்கலாம், வரி கட்டலாம். குடியுரிமை மட்டும் கிடையாது. டொரத்தி பிறந்தது கிள்ளானை ஒட்டிய ஒரு தோட்டத்தில். பிறப்பைப் பதியப் போனபோது அவள் அப்பாவிடமே சரியான தாள்கள் இல்லை. அவ்வளவுதான் கதை.

அன்று வலப்பக்க வரிசையில் ஒரு கொரியத் தம்பதிக்கும் நெடுநெடுவென்று வளர்ந்த நெதர்லாந்துக்காரர் ஒருவருக்கும் நடுவில் போய் நின்றாள். வெளிநாட்டவருக்கான வட்ட ஸ்டிக்கரைத் தோளில் ஒட்டிவிட்டார்கள். ஆரஞ்சு நிறம்.

“டொரத்திக்கா, ஃபாரின்லேர்ந்து வரப்ப எங்களுக்குச் சாக்லேட் வாங்கிட்டு வாங்க லா” என்று கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சபைத் தோழி டீனா கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். டொரத்தியும் சிரித்தாள்.

வெளிநாட்டவருக்கு ஒரு சலுகை இருந்தது. கலைக்கூடத்தின் தோட்டத்தை வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். ஓலைத் தொப்பி போட்ட சிவநேசன் என்பவர் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே நடந்தார். ஓர் இரும்புச் சட்டத்துக்குள் இடுப்பளவு லாலாங் புல் வளர்த்திருந்தார்கள். இதுவும் கலைப்படைப்புதான், தயவுசெய்து தொடாதீர்கள் என்றார். நெதர்லாந்துக்காரர் முழங்காலிட்டுப் படம் எடுத்தார்.

டொரத்தி சனிக்கிழமைதோறும் வீட்டுக்குப் பின்னால் வேரோடு பிடுங்கி எறிகிற அதே புல்.

அங்கே வைத்துத்தான் சிவநேசன் ஒவ்வொருவரிடமும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். சியோல் என்றார்கள் கொரியத் தம்பதி. உட்ரெக்ட் என்றார் நெதர்லாந்துக்காரர். டொரத்தியும் ஒரு பதில் சொன்னாள். நல்ல வேடிக்கை என்று நினைத்துக் கொரியத் தம்பதிகூடச் சிரித்தார்கள். சிவநேசன் ஆரஞ்சு வட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே அடுத்த சிற்பத்துக்கு நடந்தார்.

வேனில் திரும்பும்போது அவள் ஸ்டிக்கரை உரித்துக் கைப்பைக்குள் ஒட்டிவைத்தாள். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

குடியுரிமை கேட்டு அனுப்பிய நான்கு விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. ஐந்தாவது வரவில்லை. அதற்குப் பதிலாகப் புதிய அட்டை வந்தது, ஆறு நாள் முன்பு. கணவர் இருதயம் நண்டுக் கடைக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றார். முதலில் எனக்கு ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது என்றாள்.

இப்போது இந்தப் பெண் அட்டையே வேண்டாம் என்கிறாள்.

“பாரும்மா” என்றாள் டொரத்தி.

“பரவால்ல ஆன்டி. பின்னாடி ஆள் நிக்கிறாங்க.”

“நிக்கட்டும். நானும் நின்னவதான். நீ பாரு.”

உஸ்மா வாங்கினாள். தேய்ந்த அட்டைகளை வாங்கிப் பழகிய கை. இதில் ஒரு கீறல் இல்லை, ஓரம் மழுங்கவில்லை. படத்தில் இருந்த நரைத்த தலையைப் பார்த்தாள், எதிரே இருந்த நரைத்த தலையையும் பார்த்தாள். படத்துக்குக் கீழே இருந்த ஒற்றைச் சொல்லை மெல்ல, வாய்விட்டே படித்தாள்.

“வார்காநெகாரா.”

குடிமகள்.

உஸ்மா அட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஸ்டிக்கரை அவள் கையில் தராமல், முகப்பைச் சுற்றி வெளியே வந்து, தானே தோளில் ஒட்டினாள். நீல நிறம்.

டொரத்தி கூடத்துக்குள் போகவில்லை. நேராகத் தோட்டத்துக்கு நடந்தாள்.

லாலாங் புல் இன்னும் இருந்தது. சிவநேசனும் இருந்தார், தொப்பி மட்டும் புதிது. ஆரஞ்சு வட்டங்களோடு நின்ற ஒரு கூட்டத்துக்கு அதே விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளை அவருக்கு நினைவில்லை. ஓரமாக வந்து நின்றவளின் தோளைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

“எங்கேர்ந்து வரீங்கக்கா?”

“கிள்ளான்” என்றாள் டொரத்தி.

ஏழு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் நின்று சொன்ன அதே பதில்.

இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

“கிள்ளான்ல எங்க?” என்றார் சிவநேசன்.

டொரத்தி தான் குடியிருக்கும் தாமானின் பெயரைச் சொன்னாள். சாலையைச் சொன்னாள். அவர் தலையாட்டிய பிறகும் நிறுத்தாமல், வீட்டு எண் வரைக்கும் சொன்னாள்.