பதினைந்து எண்ணும் நேரம்

“மூடியத் தொடைக்காமத்தானே மருந்து ஏத்துன? கிருமி ரத்தத்துல ஏறித்தான் அந்தப் பொண்ணு செத்துச்சு. நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத!” டாக்டர் கத்தினார்.

நர்ஸ் வின்சி தட்டில் கிடந்த மூடியைப் பார்த்தாள். டிரிப்ஸ் குழாயில் ஊசி குத்தாமலே மருந்து ஏற்றும் புது மூடி அது. ஒவ்வொரு தடவையும் அதன் வாயை ஸ்பிரிட்டால் பதினைந்து எண்ணும்வரை தேய்த்தாளே!

இறந்தவளின் அப்பா செபஸ்தியான், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர், சிமெண்டு அப்பிய துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“பாவம், அத வையாதீக டாக்டர். நல்லாத்தேன் தொடச்சுச்சு, நான் சாட்சி. அது சிரிஞ்ச எடுக்கத் திரும்புறப்பல்லாம், ஸ்பிரிட்டு உள்ள போயி எம்மகளுக்கு எரியக்கூடாதுன்னு, மூடியில இருந்த ஈரத்த இந்தத் துண்டாலதேன் ஒத்தி எடுத்தேன். ஒரு தடவகூட விடல.”