குளியலறைக்கு ஒரு நண்பன்

சகல வேலையும் தெரிந்தவர் என்று எக்பெர்ட் லூடர்ஸுக்குத் தன்னைப் பற்றி ஓர் எண்ணம். அவர் மாட்டிய அலமாரி சாய்ந்தது. அவர் அடித்த வேலி, அடுத்த வீட்டுத் திருமதி கிரோனின் ரோஜாச் செடிகள் மேல் படுத்துக்கொண்டது. அப்படியும் புத்தி வரவில்லை. போன கோடையில் குளியலறையில் கை வைத்தார். வீடியோ பார்த்துப் பார்த்து அவர் ஒட்டிய டைல்ஸ் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. குளித்த தண்ணீர் ஹாலுக்கு வந்தது.

மனைவி கெர்டா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“வேலை தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு. இல்லேன்னா நான் எங்க அக்கா வீட்டுக்கே போயிடறேன்.”

பிரேமன் நகரில் ஒரு கம்பெனி ஐயாயிரத்து நானூறு யூரோ கேட்டது. அன்று ராத்திரி எக்பெர்ட் ரொட்டிக்கு வெண்ணெய்கூடத் தடவிக்கொள்ளவில்லை.

கடைசியில் ஓலாஃப் கிடைத்தான். வார நாட்களில் ஒரு கம்பெனியில் டைல்ஸ் ஒட்டுபவன். சனிக்கிழமைகளில் பில் இல்லாமல், வரி இல்லாமல் கறுப்பு வேலை செய்பவன். இரண்டாயிரத்து அறுநூறு, வேலை முடிந்ததும் ரொக்கம் என்று பேச்சு. அதுவும் எக்பெர்ட்டுக்கு வயிற்றெரிச்சல்தான். ஹாலில் டிரில் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த நோட்டுகளை அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டார்.

பிடிபட்டால் அபராதம் தாளாது. ஓலாஃபுக்கு இருக்கிற வேலையும் போய்விடும். பிடித்துக் கொடுக்க ஆளுக்கும் பஞ்சமில்லை. திருமதி கிரோன் ஜன்னல் திரைக்குப் பின்னாலேயே குடியிருப்பவள்.

கடைசிச் சனிக்கிழமை. நாலு டைல்ஸ்தான் பாக்கி. எக்பெர்ட் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வந்து நின்றார்.

“வாங்க ஓலாஃப், ஆளுக்கொரு பீர் குடிப்போம். எத்தனை நாளைக்கு இந்த ‘வாங்க போங்க’? இனிமே நீ என்னை எக்பெர்ட்னே கூப்பிடு.”

கெர்டா வாயைப் பிளந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் யாருக்கும் ஒரு வாய் பீர் கொடுத்து அவள் பார்த்ததில்லை. அவரோ நிலவறைக்கு இறங்கிப்போய் நிதானமாகத் தேடி, இருப்பதிலேயே மலிவான இரண்டு பாட்டில்களோடு வந்தார். பாட்டிலோடு பாட்டிலை இடித்து, கண்ணோடு கண் பார்த்துக் குடித்து, இருவரும் ‘நீ’ ஆனார்கள்.

பாட்டில் காலியாகும் முன்பே வாசல் மணி அடித்தது.

கறுப்பு வேலையைப் பிடிக்கும் சுங்கத்துறை ஆட்கள் இரண்டு பேர். தகவல் வந்திருக்கிறதாம்.

“கிரோன் கிழவி!” என்று கெர்டா பல்லைக் கடித்தாள்.

அதிகாரியம்மா குளியலறையை எட்டிப் பார்த்தாள். “இவர் யாரு? எவ்வளவு கூலி பேசியிருக்கீங்க?”

ஓலாஃபின் முகம் வெளிறிப்போயிற்று. எக்பெர்ட் அவன் தோளில் கை போட்டார்.

“கூலியா? இவன் என் சிநேகிதன் மேடம்! சும்மா ஒத்தாசைக்கு வந்திருக்கான். என்னடா ஓலாஃப்?”

“ஆ... ஆமா எக்பெர்ட்.”

அதிகாரியம்மா பீர் பாட்டில்களைப் பார்த்தாள். சிநேகிதன் உதவிக்கு வந்தால் சட்டம் ஒன்றும் செய்ய முடியாது. “அப்போ ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க” என்றாள்.

நட்புக்காகச் செய்த வேலை, பணம் எதுவும் கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வந்தவர்கள் போய்விட்டார்கள்.

ஓலாஃப் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “இப்பத்தான் உயிரே வந்துச்சு. ரொம்ப நன்றி எக்பெர்ட்.”

“நன்றியெல்லாம் எதுக்குடா? கூலியை மறந்துடு, அது போதும். சிநேகிதன்கிட்ட யாராவது கூலி கேப்பாங்களா? மீறிக் கேட்டா, அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும்.”

ஓலாஃப் அவரையே ஒரு நிமிஷம் பார்த்தான். பாக்கி நாலு டைல்ஸையும் ஒட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

“அந்தக் கிரோனை நாலு வார்த்தை கேக்காம விடப்போறதில்லை” என்று கெர்டா எழுந்தாள்.

“பாவம், அவளை ஏன் திட்டறே? போன் பண்ணினது நான்தான்!” எக்பெர்ட்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ரெண்டாயிரத்து அறுநூறு மிச்சம்! என்னை மாதிரிப் புருஷன் யாருக்குக் கிடைப்பான், சொல்லு?”

கெர்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இப்படியும் ஒரு மனுஷனா என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“எதுடா மிச்சம்? நீ ஓசியில பீர் குடுக்கறேன்னதுமே, அவன் கூலிக்கு உலை வைக்கப்போறேன்னு தெரிஞ்சுபோச்சு. நீ கீழே போன நேரத்துல, டிரில் பெட்டியில இருந்ததை எடுத்து எண்ணி அவன் கையில குடுத்துட்டேன்.”

எக்பெர்ட் டிரில் பெட்டிக்கு ஓடினார். திறந்து கவிழ்த்தார். டிரில் மட்டும்தான் விழுந்தது.

“அடப்பாவி! வாயே திறக்காமப் போனானே! விடமாட்டேன், கோர்ட்டுக்கு இழுத்துக் கக்க வைக்கிறேன்!”

“தாராளமா இழு” என்றாள் கெர்டா. “ஒரு சென்ட்கூடக் குடுக்கலைன்னு இப்பத்தானே கவர்ன்மென்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தே?”