பெட்டி போட்ட பூஜ்ஜியம்

"நீ சாப்டியா?" என்று மூன்று வயதில் ரெஜினா, குழந்தைகளின் வளர்ச்சியைச் சோதித்து மதிப்பெண் போடும் பேசும் பெட்டியிடம் கேட்டாள். படத்தில் இட்லியைத் தொட்டுக் காட்டும்படி அது சொன்னதற்கு அவள் தந்த பதில் அதுதான். பெட்டி பூஜ்ஜியம் போட்டது. தேறாத குழந்தையை அம்மாவிடமிருந்து பிரித்து ஓராண்டு வெளியூர்ப் பயிற்சி இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள். ஆனால் அவள் அம்மாவோடு வீடு திரும்பினாள். பெட்டியே மனமிரங்கியது என்று அம்மா கடைசிவரை நம்பினாள்.

வளர்ந்து, அந்தச் சோதனை நடந்த மையத்திலேயே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ரெஜினா தன் பழைய கோப்பைப் பார்த்தாள். யாரோ கையால் எழுதியிருந்தார்கள்: "தரையில் உட்கார்ந்து மறுபடி சோதித்தேன். என்னையும் சாப்பிடச் சொன்னாள். தேறினாள்." எழுதியவர் பெயர் இல்லை.

இன்று முத்துராணியின் மூன்று வயது மகன் இசக்கிராஜுக்கும் பூஜ்ஜியம்.

"வீட்ல வாயே மூடமாட்டான் மேடம். ஆட்டுக்கிட்டகூடப் பேசுவான். இந்தப் பெட்டிகிட்ட என்னத்தப் பேசுவான்?" என்று முத்துராணி அழுதாள்.

"நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கம்மா" என்றாள் ரெஜினா.

சாப்பாட்டு நேரம் வந்திருந்தது. அவள் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்து, கதவைச் சாத்தி, சின்னதாக ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க ஆட்டுக்கு என்ன பேரு?"

அதன்பின் இசக்கிராஜை நிறுத்த முடியவில்லை. பேசிக்கொண்டே கட்டைகளை அடுக்கினான், நிறம் சொன்னான், ஆடு மாதிரி கத்தியும் காட்டினான். எல்லாவற்றிலும் தேறினான். ரெஜினா அதைக் கோப்பில் எழுதினாள். தன் பெயரை எழுதவில்லை.

"தேறிட்டான்மா" என்றாள், டீ குடித்துத் திரும்பிய தாயிடம்.

முத்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ரெஜினா அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள்.