முதல் பாகத்து அலறல்

"பயமே வரலையே! பல் பிடுங்கப் போனவன் கத்துற மாதிரி இருக்கு," என்றார் இயக்குநர். நடிகர் முகம் வாடி வெளியேறினார்.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினார். அவர்கள் தயாரிக்கும் பேய் வீடியோ கேமின் முதல் பாகத்தில் வந்த ஓர் அலறலுக்கே, ஆடியவர்கள் எழுந்துபோய் விளக்கைப் போட்டார்கள். அடுத்தடுத்த பாகங்களில் துப்பாக்கி பெருத்தது, பயம் இளைத்தது. புதிய பாகத்துக்கு 'பழைய பயம் திரும்புகிறது' என்று இப்போது விளம்பரம் செய்தாயிற்று. இதுவும் ஊற்றிக்கொண்டால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

"பழைய அலறலையே போட்டுடலாமா சார்?"

"அது எல்லாருக்கும் மனப்பாடம்யா. அதே தொண்டையில புதுசா வேணும். யாரு அந்த ஆளு? நீதானே பதிவு பண்ணே?"

"ஆமா சார். ஆனா அவர் நடிகர் இல்ல. மைக் ஓடினது அவருக்கே தெரியாது."

"கூட்டிட்டு வா. அவர் கால்லகூட விழறேன்."

"அது உங்களால முடியாது சார்."

"ஏன், பெரிய ஆளா?"

"பயந்தாங்கொள்ளி சார். வெளியில காட்டிக்க மாட்டார்."

எவன்தான் தன் அலறலைத் தானே நின்று கேட்டிருக்கிறான்? முதல் பாகம் பதிவான அன்றைக்கு இதே அறையில், இதே இயக்குநரின் காலருக்குள்தான் ஒரு கரப்பான்பூச்சி விழுந்தது.

ஒலிப்பதிவாளர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். தீப்பெட்டிக்குள் ஏதோ பிறாண்டியது. மைக்கை மெல்லத் திறந்தார்.

"சார், இப்படி வந்து கொஞ்சம் கண்ணை மூடிக்கிறீங்களா?"