எந்தக் கப்பல் நல்ல கப்பல்?

"மொத கப்பல்ல சாப்பாடு நல்லா இருக்கும், ஆனா ரூம் நெருப்புப்பெட்டி. ரெண்டாவதுல ரூம் கல்யாண மண்டபம் மாதிரி, சூப் மட்டும் ஆறித்தான் வரும். இந்தக் கப்பல்ல ரெண்டும் சுமார்தான். ஆனா கவனிப்புல இதை அடிச்சுக்க முடியாது," என்றார் நீலச் சால்வை போர்த்திய அம்மாள்.

பல் டாக்டர் வேகமாக நோட்டில் எழுதிக்கொண்டாள். சாப்பாடு, அறை, கவனிப்பு என்று மூன்று கட்டம் போட்டு வைத்திருந்தாள். ஐந்து நாளாக இந்தக் கப்பலில் அவள் தேடிய, பல கப்பல் பார்த்த ஆள், இன்று மதியச் சாப்பாட்டு மேசையில் தானாகவே எதிரில் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே ஊர் என்பது முதல் வாய் சூப்பிலேயே தெரிந்துபோனது.

காலையிலிருந்து பேய்க்காற்று. மேல்தளத்துக்குப் போகும் கதவுகளையெல்லாம் பூட்டிவிட்டார்கள். அவள் கணவன் வாந்தியெடுத்துத் துவண்டு அறையில் படுத்திருந்தான். ஜன்னல் திறக்காத அந்த அறையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தால் அவளுக்கு மூச்சு முட்டியது. இங்கே வந்தாலும் அதே கண்ணாடி, அதற்கு அப்பால் அதே தண்ணீர்.

"இவ்வளவும் எப்படி ஆன்ட்டி தெரியும்?"

"ஏறி நாலு வருஷமாச்சேம்மா. இது ஏழாவது கப்பல்."

பரிமாறுகிறவன் வந்தான். அம்மாள் கேட்காமலே ரொட்டியின் ஓரத்தை நறுக்கி எடுத்துவிட்டு, தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் இரண்டு மாத்திரைகளை வைத்துவிட்டுப் போனான்.

"பாத்தியா? மாத்திரை நேரம்கூட அவனுக்கு மனப்பாடம். போன கப்பல்ல எல்லாம் நானேதான் தேடி எடுத்துக்கணும். இதையும் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். "இவ்வளவு நல்லா பாத்துக்கறாங்கன்னா இங்கயே இருந்துடலாமே?"

"இல்லம்மா, நாளைக்குக் காலி பண்றேன். பெட்டி கட்டியாச்சு. நாளைக்கு நிக்கற துறைமுகத்துல எறங்கி எட்டாவது கப்பல் ஏறணும்."

டாக்டருக்கு வியப்பாக இருந்தது. நாளை மறுநாள் காலையில் கப்பல் சொந்த ஊர்க் கரைக்கே போய்ச் சேரப்போகிறது. அதற்கு ஒரு நாள் முன்னால் இறங்கி இன்னொரு கப்பல் பிடிக்கிறார் என்றால் இந்த அம்மாளுக்குக் கடல் மேல் எத்தனை பைத்தியம் இருக்க வேண்டும்.

"ஏற்பாடெல்லாம் யாரு செய்யறாங்க?"

"எல்லாம் என் பையன்தான். ஒரு கப்பல் முடியறதுக்குள்ள அடுத்ததைப் பாத்து வச்சிடுவான். அதுல அவனைக் குறை சொல்லவே முடியாது."

"குடுத்து வச்சவங்க ஆன்ட்டி நீங்க."

"எல்லாரும் அதான் சொல்றாங்க," என்று அம்மாள் காபிக் கோப்பையைத் தட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார்.

அந்த வார்த்தையே டாக்டருக்குத் தைரியம் கொடுத்தது. பேனாவை மூடினாள்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. எங்கம்மாவுக்காகத்தான் இதெல்லாம் விசாரிக்கறேன். அப்பா போனதுலேர்ந்து தனியா இருக்காங்க. ரெண்டு தடவை பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. நானும் அண்ணனும் ஆளுக்கொரு மூலையில இருக்கோம், எங்க வீட்டுக்கு வாங்கன்னாலும் வர மாட்டேங்கறாங்க. மொதல்ல ஒரு வருஷத்துக்குக் கப்பல்ல ஏத்திவிட்டா என்னன்னு அண்ணன் கேக்கறான். டாக்டர், சாப்பாடு, ஆள் துணை எல்லாம் ஒரே எடத்துல. எங்களுக்கும் நிம்மதியாத் தூக்கம் வரும்."

"அம்மாகிட்ட கேட்டியா?"

"எல்லாம் முடிவானதும் சொல்லிக்கலாம்னு..." டாக்டர் நோட்டின் ஓரத்தை மடித்து விரித்தாள். போன வாரம் போனில் அம்மா, "என்னடி, ரெண்டு நாளா குரலே சரியில்லையே?" என்று கேட்டதும், ஒன்றுமில்லை என்று தான் சமாளித்ததும் ஏனோ நினைவுக்கு வந்தது.

"ஊர்ல அம்மாவுக்கு யாரு இருக்கா?"

"சொல்லிக்கற மாதிரி யாருமில்ல ஆன்ட்டி. பின்வீட்டு அக்காவோட சுவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு நாள் பூரா பேச்சு. நாலு தொட்டிச் செடி. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்," என்றார் அம்மாளும்.

கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. தட்டுகள் மேசையில் நகர்ந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. டாக்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மாள் எதையும் பிடிக்கவில்லை. கப்பல் சாய்ந்த பக்கமே தானும் சாய்ந்து, அது நிமிர்ந்தபோது தானும் நிமிர்ந்தார்.

எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. ஆனாலும் அவளுக்கு என்னவோ விட்டுப்போன மாதிரி இருந்தது.

"கடைசியா ஒண்ணு, ஆன்ட்டி. சாப்பாடு, ரூம், கவனிப்பு மூணும் எழுதிட்டேன். அம்மாவை ஏத்தறதுக்கு முன்னாடி வேற என்ன பாக்கணும்?"

அம்மாள் கைக்குட்டையை நாலாக மடித்துத் தட்டின் பக்கத்தில் வைத்தார். அவர் குரலில் கோபமோ அழுகையோ எதுவும் இல்லை. சூப்பைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார்.

"நம்ம ஊர்ல நிக்காத கப்பலாப் பாரும்மா. நிக்கறதா இருந்தா அதுக்கு முந்தின துறைமுகத்துலயே எறக்கிடணும். என் பையன் அதைத்தான் மொதல்ல பாப்பான்."